கடை வாசலை மிதிக்காத கால்கள்

நீங்கள் கொண்டுவந்து காட்டிய படங்களை எல்லாம் பார்த்தேன். கல்லீரல் இருக்கிறது, மூளை இருக்கிறது, சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை இருக்கிறது. கையில் பாட்டிலோடு தலைகுனிந்து நிற்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அந்தப் பாட்டிலை அவன் கைக்கு வரவைத்த ஆள் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. படம் வரைந்தவருக்கு அவரைத் தெரியாமலா இருக்கும்?

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பிள்ளைகள் குடிக்கோ போதைக்கோ பழகாமல் எப்படிக் காப்பது என்று பெற்றோர்களைக் கூட்டிவைத்துப் பேசப் போகிறீர்கள். அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று என்னையும் அழைத்திருக்கிறீர்கள். நான் இனிமையாகப் பேசுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் என்னோடு வேலை பார்த்தவர் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து எண்பதுகளின் கடைசிவரை ஆரணியில் ஹெல்த் விசிட்டராக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். ஊரில் எனக்கு நர்ஸம்மா என்று பேர். தடுப்பூசி, பிரசவம், எடை பார்ப்பது, இவையெல்லாம் உங்களுக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். இன்றைக்கும் ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. நீங்கள் கூட்டும் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "அந்தக் காலத்தில் பிள்ளைகள் ஒழுங்காக இருந்தார்கள்" என்பார். கட்டாயம் சொல்வார். எந்தக் காலம், எந்த வருஷம் என்று கேளுங்கள். எனக்கு எதற்கும் வருஷம் வேண்டும். எழுபத்தொன்றில் மதுவிலக்கை எடுத்தார்கள். எழுபத்துநான்கில் சாராயக் கடைகளை மூடினார்கள். எண்பத்தொன்றில் மறுபடி திறந்தார்கள். எண்பத்தேழு பிறந்தபோது மறுபடி மூடினார்கள். மூடியிருந்த வருஷங்களில் ஊர் வறண்டு போய்விடவில்லை. மலையடிவாரத்திலிருந்து லாரி டியூபில் அடைத்துக் காய்ச்சின சாராயம் வந்துகொண்டுதான் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர்கள் எழுதிவைத்த பழைய அறிக்கைகளைத் தேடிப் படித்திருக்கிறேன். அவற்றிலும் கள் குத்தகை பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆகவே 'அந்தக் காலம்' என்று ஒன்று கிடையாது. பிள்ளைகள் மேல் பழியைப் போடுவதற்காகப் பெரியவர்கள் கட்டிக்கொண்ட காலம் அது.

எழுபத்திரண்டில், கடைகள் திறந்திருந்த சமயம், பள்ளிக்கூடத்தில் பேசச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நானும் உங்களைப் போலத்தான், கல்லீரல் படத்தோடு போனேன். மது கெட்டது என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"எங்க நைனா சொல்வாரு நர்ஸம்மா. தெனமும் குடிச்சிட்டு வந்து சொல்வாரு."

வகுப்பே சிரித்தது. வாத்தியார் அவனைப் பெஞ்சு மேல் ஏற்றினார். அன்றைய கூட்டத்தில் உண்மை பேசியவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் நிற்கவைத்தோம்.

இனி நான் சொல்ல வந்தது. எண்பத்துநான்காம் வருஷம், மாசி மாதம். சிலர் எண்பத்தைந்து என்பார்கள், அது தவறு. எண்பத்தைந்தில் நான் சொல்லப் போகும் பையன் தனித்தறியில் உட்கார்ந்திருந்தான்.

ஆரணியில் பட்டு நெய்கிற தெருக்களில் ஒரு தெருவுக்குக் 'குடிக்காத தெரு' என்று பேர். தெருவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தத் தெருவில் பெண் கொடுக்கப் போட்டி போடுவார்கள். வெளியூரிலிருந்து வரும் அதிகாரிகளுக்கு அதை ஒரு கோயிலைக் காட்டுவதுபோலக் காட்டுவார்கள். காரணம், அந்தத் தெருவுக்கு ஒரு கட்டு, அதாவது எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதி, இருந்தது. பட்டு நூலைப் புடவை நீளத்துக்கு ஓட்டி, தெருவில் இழுத்துக் கட்டி, விடியற்காலையில் கஞ்சி போட்டுச் சீராக்குவார்கள். அதைப் பாவு நீட்டுவது என்பார்கள். வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை வந்து கைகொடுக்க வேண்டும். கல்யாணப் பெண் உடுத்தப் போகும் பட்டு அது. அதனால், சாராயக் கடை வாசலை மிதித்தவன் அந்தப் பாவைத் தொடக் கூடாது. பாவு தொடாதவனுக்குத் தெருவில் மரியாதை இல்லை. தறியும் இல்லை.

அதனால் அந்தத் தெருவின் ஆண்பிள்ளை ஒருவரைக்கூட யாரும் கடை வாசலில் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகக் கூட்டங்களில் அந்தத் தெருவை நானே உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன்.

தணிகாசலம் என்பவருடைய வீடு அந்தத் தெருவில்தான். கோயில் பஜனையில் முதல் குரல் அவருடையது. மனைவி கஸ்தூரி. மூத்தவன் சம்பத்துக்குப் பதினான்கு வயது. ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, அப்பாவின் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து, புடவைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவை வாங்கித் தள்ளிக்கொண்டிருந்தான். தறி ஏறும் நாள் என்று ஒன்று உண்டு. நல்ல நாள் பார்த்து, வெற்றிலை வைத்து, பையனைத் தனித்தறியில் உட்காரவைப்பார்கள். அன்றிலிருந்து அவன் நெசவாளி. அந்தச் சித்திரையில் சம்பத்துக்கு நாள் பார்ப்பதாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை இரவு கரை தள்ளிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். வாயெல்லாம் நுரை, சட்டையெல்லாம் சாராய நாற்றம். எங்கள் பெரிய டாக்டரம்மா வயிற்றைக் கழுவி, ஊசி போட்டு, அவனை மீட்டார். அவன் கண் திறந்ததும் தணிகாசலம் கட்டிலருகில் வந்து பளாரென்று ஓர் அறை விட்டார்.

"மானத்த வாங்கிட்டியேடா! சேராத பசங்களோட சேந்துகினு, தெரு பேரக் கெடுத்துட்டியே!"

இரண்டாவது அடிக்குக் கை ஓங்கும்போது நான் பிடித்துக்கொண்டேன். பையன் அழவில்லை. அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். குற்றம் செய்தவன் பார்வை இல்லை அது. கணக்குக்குத் தப்பான விடை வந்தால் பிள்ளைகள் ஒரு பார்வை பார்ப்பார்களே, அது. அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

தெருவின் பெரியதனக்காரர், அதாவது நாலு பேரைக் கூட்டித் தீர்ப்புச் சொல்பவர், மறுநாளே முடிவைச் சொல்லிவிட்டார். சம்பத் தறி ஏறக் கூடாது. தெருவில் யாரும் அவனுக்குத் தறி கொடுக்கக் கூடாது. படிப்பும் இல்லாத பதினான்கு வயசுப் பையனுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். செங்கல் சூளை, இல்லையென்றால் லாரிக் கிளீனர். தீர்ப்பை ஊரறிய உறுதி செய்ய, புதன்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் கூட்டம். அதில் பேச என்னைக் கூப்பிட, ஆள் விடாமல் தானே வந்தார் அந்தப் பெரியவர்.

"பசங்கள முன்னாடி குந்தவைக்கறோம் நர்ஸம்மா. நீங்க நல்லா பயம் காட்டுங்க. ஒரு அழுகின பழம் இருந்தா கூடையே போயிடும். சினிமா பாத்துப் பாத்து இந்த ஜெனம் கெட்டுப் போச்சி."

சரி என்றேன்.

திங்கட்கிழமை கஸ்தூரி தன் கைக்குழந்தைக்கு எடை பார்க்க வந்தார். எடை பார்த்து முடித்தும் நகரவில்லை.

"நர்ஸம்மா, கூட்டத்துல நீங்கதான் பேசறீங்களாமே?"

"ஆமாம்மா."

"எம்புள்ளயத் திட்டுவீங்களா?"

நான் எடையைச் சீட்டில் குறித்தேன்.

"திட்டுங்க. ஆனா அவன் நாக்குக்கு அந்த ருசி எப்படித் தெரிஞ்சிதுன்னு கேட்டுட்டுத் திட்டுங்க." குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "பொழுது சாய்ஞ்சா தூக்குப் பாத்திரத்தக் கையில குடுத்து அனுப்பறது யாரு? கடைய இவுங்க யாரும் மிதிக்க மாட்டாங்க. தறி ஏறாத பசங்களுக்குத்தான் கட்டு கெடையாதே. பத்து வயசுலருந்து போய்கினு இருக்கறான். எங்க வூட்டுக்காரருக்கு, எதிர்வூட்டு அண்ணனுக்கு, ஏன், பெரியவரு வூட்டுக்கே அவந்தான். தூக்குல கொண்டாந்தா பாலுன்னு நெனச்சிக்குவாங்க. மொதமொத ஊத்திக் குடுத்ததும் இவருதான். 'ஆம்பளப் புள்ளதானே, ஒரு மொடக்கு குடிடா'ன்னு, கூலி மாதிரி. இப்ப அவன் வர்ற வழியிலயே மூடியில ஊத்திக் குடிக்கறான். அன்னிக்கிக் கொஞ்சம் ஜாஸ்தியா பூட்டுது."

"இதை ஏம்மா இத்தனை நாள்..."

"யாருகிட்ட சொல்றது? சொன்னது நான்னு தெரிஞ்சா எனக்கு அந்த வூட்ல எடமில்ல. எம் பேரு வரக்கூடாது நர்ஸம்மா. இந்தக் கொழந்த மேல ஆணையா."

கட்டிலில் அந்தப் பையன் பார்த்த பார்வை அப்போது விளங்கியது. தினமும் எந்த வேலைக்காகத் தலையைத் தடவினார்களோ, அதற்கே அறை விழுந்தால் அவன் வேறெப்படிப் பார்ப்பான்?

அன்று மாலையே கடைக்குப் போனேன். வெள்ளைச் சேலையில் ஒரு பொம்பிளை சாராயக் கடை வாசலில் வந்து நின்றதும் பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள். பலகை மேல் மூடி போட்ட எவர்சில்வர் தூக்குகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் பேர் வெட்டியிருந்தது. கீழே அரைக்கால் சட்டைப் பையன்கள் கோலி ஆடிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"சின்னப் பசங்களுக்கு விக்கிறீங்களே, நியாயமா?"

கடைக்காரர் எழுந்து நின்றுதான் பதில் சொன்னார். மரியாதைக்குக் குறைவில்லை.

"பசங்க குடிக்கவா வாங்கறாங்க? அவங்க அப்பாருங்க அனுப்பறாங்க. நான் வேணான்னா, பெரிய மனுசங்களே வந்து நிக்கணும், அவங்களுக்குப் பேஜாராயிடும். அப்புறம் இன்னொண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. சர்க்காரு வருமானத்துல பாதி இதுலதான் வருதுன்றாங்க. ஒங்க சம்பளமும் இந்தப் பீப்பாயிலருந்துதான் நர்ஸம்மா."

பாதியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு வேண்டியதுதான். ஒரே அரசாங்கம் ஒரு கையால் கடையைத் திறந்தது, மறு கையால் கல்லீரல் படத்தைக் கொடுத்து என்னை அனுப்பியது.

நேரே டாக்டரம்மாவிடம் போய்க் கொட்டினேன். கூட்டத்தில் எழுந்து ஒவ்வொரு தூக்கின் பேரையும் படிக்கப் போகிறேன் என்றேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"படி. முதல் பேரைப் படிச்சதும் தணிகாசலம் வீட்டுக்குப் போய் 'யாருடி சொன்னது'ன்னு கேப்பான். நீ கடைக்குப் போனதை அவன் நம்ப மாட்டான், அவள் ஆஸ்பத்திரிக்கு வந்ததைத்தான் நம்புவான். அதோட, நீ ஒரு பேரைச் சொன்னா அவன் ஒருத்தன்தான் குத்தவாளி. மத்தவங்க எல்லாரும் நீதிபதி ஆயிடுவாங்க. இப்ப பையனை வெச்சு அதைத்தானே செஞ்சிகிட்டு இருக்காங்க?"

"அப்ப என்ன செய்யறது?"

"தெரியலை. பேர் மட்டும் சொல்லாதே."

அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டார்.

புதன்கிழமை மாலை. மண்டபத்தின் முன்தரையில் பையன்கள். சம்பத்தை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். இன்னும் தெம்பு வராமல் தூணில் சாய்ந்திருந்தான். பின்னால் படிகளில் அப்பாக்கள், விபூதியும் சந்தனமுமாக. ஓரத்தில் பெண்கள். கஸ்தூரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் எழுந்து, குலப்பெருமை, தெருப்பெருமை எல்லாம் பேசி, "இப்ப நர்ஸம்மா நம்ம பசங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்வாங்க" என்று முடித்தார்.

என் கையில் படம் இருந்தது. அதைச் சுருட்டினேன்.

"பசங்க எல்லாம் எழுந்து வீட்டுக்குப் போங்க. இந்தக் கூட்டம் உங்களுக்கு இல்லை."

பையன்களுக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பி அப்பாக்களைப் பார்த்தார்கள். நான் கை தட்டினேன். எழுந்து ஓடினார்கள். பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்துக் குற்றவாளி ஆக்கும் கூட்டத்தில் நீங்கள் பேசாதீர்கள். பேசித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் அவர்களை வெளியே அனுப்புங்கள். முன்வரிசை காலியானால் அடுத்த வரிசை முன்வரிசை ஆகிவிடும்.

"பெரியவங்களே, கடை வாசல் மிதிச்சவன் பாவு தொடக்கூடாதுன்றது உங்க கட்டு. எதுக்கு அது?"

"கல்யாணப் பொண்ணு கட்டற பொடவம்மா. சுத்தம் வேணாமா?" என்றார் ஒருவர்.

"அந்தச் சுத்தம் கால்ல இருக்குதா, வாயில இருக்குதா?"

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, அப்படியே அறுந்தது. ஆண்கள் பக்கம் இருமல்.

"பசங்களப் பத்திப் பேச வந்தீங்க, அதப் பேசுங்க" என்றார் பெரியவர்.

"அதைத்தான் பேசறேன். வெள்ளிக்கிழமை பாவு நீட்டறீங்க. சம்பத் அதைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டீங்க. சரி. பையன் கையால வாங்கியாந்ததைக் குடிச்சவங்க யாராவது இருந்தா, அவங்களும் அன்னிக்குத் தொடாம ஒதுங்கி நிக்கட்டும். நான் பேர் கேக்கலை. சாமி முன்னாடி உக்காந்திருக்கீங்க. நீங்களே ஒதுங்கிக்குங்க."

பெரியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நல்லா சொன்னீங்க. ஒத்துக்கறோம். ஆனா, அன்னிக்கு யாருமே ஒதுங்கலன்னா? தப்பு அந்தப் பையனோடது மட்டுந்தான்னு நீங்களும் ஒத்துக்கணும். அப்புறம் தறி கிறின்னு யாரும் எங்ககிட்ட வந்து கேக்கக்கூடாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முடியாது என்றால் கூட்டம் அந்த நிமிஷமே முடிந்தது, தீர்ப்பு நின்றது. சரி என்றால் அந்தப் பையனின் பிழைப்பை இந்த ஆட்களின் மனச்சாட்சியில் கொண்டுபோய்க் கட்டுகிறேன். சரி என்றேன். ஒரு தெரு முழுக்கவா சாமி முன்னால் பொய் சொல்லும் என்று நினைத்தேன்.

சொல்லும். வெள்ளிக்கிழமை விடியற்காலை நான் போனபோது தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பாவு நீண்டிருந்தது. கற்பூரம் காட்டி முடித்திருந்தார்கள். ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். ஒருவர் விடாமல் தொட்டார்கள். தணிகாசலம் ஒரு முனைக் கழியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுக்காரர் அடுத்த கழியில். நடுவில் பெரியவர். என்னைப் பார்த்து, "வாங்க நர்ஸம்மா, பாருங்க, நல்லா பாருங்க" என்றார். சம்பத் தன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து அத்தனை கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேரைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கஸ்தூரி எங்கே என்று தேடினேன். காணவில்லை.

வெயில் கூரை மேல் ஏறும் நேரத்துக்குத் தெருக்கோடியில் அவர் வந்தார். இடுப்பில் குழந்தை, கையில் தூக்கு. பாவை ஒட்டியே நடந்து வந்தார், ஒவ்வொரு ஆளையும் தாண்டி. கஞ்சி வாசனைக்கு நடுவே இன்னொரு வாசனையும் கூடவே நகர்ந்தது. புருஷன் முன்னால் வந்து தூக்கைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தார்.

"இந்தாய்யா. சாயந்திரம் வரைக்கும் இன்னாத்துக்குக் காத்துகினு இருக்கணும்? நானே போய் வாங்கியாந்துட்டேன்."

"ஏய், இன்னாடி இது! தெருவுல..."

"தெருவுலதான். கடை வாசல்ல நின்னு வாங்கினேன், அத்தினி பேரும் பாத்தாங்க. நான் தறி ஏறினவ இல்ல, எனக்குக் கட்டும் இல்ல. இனிமே ஒனக்கு வேணும்னா சொல்லு, நான் போறேன். எம்புள்ள போகமாட்டான்."

தணிகாசலத்தின் முகம் கறுத்தது. அடிக்கக் கை பரபரத்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் கையை எடுக்க முடியாது. இழுத்துப் பிடித்த கழியை விட்டால் ஆயிரக்கணக்கான இழைகளும் தளர்ந்து சிக்கிக்கொள்ளும். அந்தத் தெருவின் ஆண்கள் அத்தனை பேரும் இரண்டு கையையும் பாவுக்குக் கொடுத்துவிட்டு, காதை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார்கள். அதைக் கஸ்தூரி யோசித்துத்தான் வந்தாரா என்று பிறகு கேட்டேன். "வேற எப்ப நிப்பாங்க நர்ஸம்மா?" என்றார்.

அவர் பெரியவர் பக்கம் திரும்பினார்.

"கடைக்காரரு கேட்டாரு பெரியவரே, ஒங்க வூட்டுத் தூக்கு இன்னிக்கு வரலியான்னு. மறந்துட்டேன். அடுத்த வாட்டி சேத்துக் கொண்டாறேன்."

எதிர்வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல், அந்த வீட்டுக்காரரின் மனைவி. "ஏன் கஸ்தூரி, எங்க வூட்டுதையும் எடுத்துகினு போயிருக்கலாமில்ல? ஒரே நடையில முடிஞ்சிருக்கும்."

இந்தத் தடவை பெண்களின் சிரிப்பு அறுந்து போகவில்லை. வாசலுக்கு வாசல் தாவியது.

நான் செய்தது ஒன்றே ஒன்று. நடந்துபோய்க் கஸ்தூரியின் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் பேசவில்லை. என் அனுபவத்தில் நம் வேலையில் மிகக் கடினமான பகுதி அந்தப் பேசாமல் நிற்பதுதான். பேசியிருந்தால் அது நர்ஸம்மாவின் காரியம் ஆகியிருக்கும். அரசாங்கக்காரி வந்து தெருவை அவமானப்படுத்திவிட்டாள் என்று ஆண்களுக்கு ஒரு வழி கிடைத்திருக்கும்.

எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் தலைகுனிந்தார். "யாராவது வந்து இதப் புடிங்க" என்றார், யாரையும் பார்க்காமல். "நான் ஒதுங்கிக்கறேன்."

யாரும் வரவில்லை. எல்லோர் கையும் பாவில் இருந்தது.

"சம்பத்து" என்றார் கஸ்தூரி. "ஜல்தி வாடா. அந்தக் கழியப் புடி."

பையன் எழுந்து வந்தான். பெரியவர் வாயைத் திறந்தார். கேட்க அங்கே யாரும் தயாராக இல்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டார். சம்பத் கழியை வாங்கினான். இழை ஒன்றும் தளரவில்லை.

இதோடு முடிந்தது என்று நீங்கள் கைதட்டினால் உங்களுக்கு இந்த வேலை தெரியவில்லை என்று அர்த்தம். பாவு முடிந்தால் கை காலியாகிவிடும். அன்று மதியமே அந்த வீட்டுக்குப் போனேன். குழந்தையின் எடை குறைகிறது, தினமும் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் தினமும் அந்தப் படி ஏறினேன். சில நாள் டாக்டரம்மாவே வந்தார். எதிர்வீட்டுப் பெண்மணி நினைத்த நேரத்தில் மோர் கடன் கேட்டு நுழைந்துகொண்டே இருந்தார். ஆள் நடமாட்டம் இருக்கும் வீட்டில் கை ஓங்குவது கஷ்டம். ஒரு பெண்ணை எழுந்து பேசச் சொல்லிவிட்டு ஜீப் ஏறிப் போய்விடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பெயரில் பாராட்டுப் பத்திரம் இருக்கும், அந்தப் பெண்ணின் முதுகில் தழும்பு இருக்கும்.

பெரியவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடுத்த தடவை அதிகாரி ஒருவர் வந்தபோது, பையன்களைத் தூக்கோடு அனுப்பும் வழக்கத்தைத் தாமே கண்டித்து நிறுத்தியதாகச் சொல்லிச் சால்வை வாங்கிக்கொண்டார். நான் அங்கேதான் இருந்தேன். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டேன். சால்வை போர்த்திய பிறகு அவர் மறுபடி ஒரு பையனை அனுப்ப முடியாது.

ஆனால் அந்தப் பையனிடம் யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு ஆறாதது அதுதான். அவன் நாக்கில் பழக்கத்தை ஏற்றியவர்கள் அதை இறக்குவதற்கு ஒரு நாள்கூட அவனோடு உட்காரவில்லை. பொழுது சாய்ந்தால் அவனுக்குக் கை உதறும், எரிச்சல் வரும். கஸ்தூரிதான் அந்த நேரத்தில் அவனை இழுத்துக்கொண்டு போய்க் கோயில் குளத்தைச் சுற்றி நடக்கவைப்பார். அந்த நடையை எந்த அதிகாரியும் பார்க்கவில்லை.

சித்திரையில் நாள் தவறிவிட்டது. வைகாசியில் சம்பத்தைத் தறி ஏற்றினார்கள். வெற்றிலைத் தட்டு, தேங்காய், புது நாடா. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பெரியவர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அப்பா. தணிகாசலம் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "எல்லார் காலுலயும் வுழுந்து எழுந்து ஒக்காருடா" என்றார்.

சம்பத் அம்மா காலில் விழுந்தான். எழுந்து அப்பா முன்னால் வந்து நின்றான். விழவில்லை. குத்திக் காட்டும் குரல் இல்லை அது. வேலை ஒன்று மறந்து போனவன் கேட்பதுபோலத்தான் கேட்டான்.

"நைனா, நான் இப்ப தறி ஏறிட்டா, சாயந்திரம் தூக்குப் பாத்திரத்தத் தம்பிகிட்ட குடுப்பீங்களா?"

இடுப்புக் குழந்தையைத்தான் சொன்னான். இன்னும் நடக்கவே தொடங்காத பிள்ளை.

தணிகாசலம் கூடியிருந்த அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்தார். பெரியவர் கனைத்தார். பிறகு தணிகாசலம் வாய் திறந்தார்.

"இல்லடா. நானே போய்க்கறேன்."

கடைக்குத் தானே போவதாக அந்தத் தெருவில் ஓர் ஆண்பிள்ளை சொன்னதில்லை. சொன்னவர் இனிப் பாவைத் தொட முடியாது, மங்கலத் தட்டையும் தொடக் கூடாது. அவருக்கும் அது தெரியும். தட்டைக் கஸ்தூரியின் கையில் கொடுத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார்.

கஸ்தூரி தட்டை நீட்டினார். சம்பத் அதிலிருந்து நாடாவை எடுத்துக்கொண்டு தறிக்குழிக்குள் இறங்கினான்.